ஒழுகாத ஜீப்

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, அவர்கள் ஓட்டிய வண்டிகளும் பின்னாலேயே வந்தன. தூத்துக்குடியில் ஒரு கமிஷன் வியாபாரி, ஏலத்தில் எடுத்த மிலிட்டரி ஜீப்புகளைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தன் சரக்குக் கிட்டங்கி முற்றத்தில் நிறுத்தி விற்கிறார் என்று எங்கள் வேம்பாருக்குச் செய்தி வந்தது. அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் வண்டி ஆசை பிடித்தவர் இல்லை. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வள்ளம்தான் தெரியும். எங்களுக்குச் சொந்தமாக வள்ளங்கள் இருந்தன, கொழும்புக்குக் கருவாடு அனுப்பும் வியாபாரம் இருந்தது, அதனால் கையில் காசும் இருந்தது. ஜீப் எதற்கு என்று கேட்டவர்களிடம் மீன் ஏற்றத்தான் என்று சொல்லிவைத்தார். என்னிடம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. என் வயிற்றைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை வயிற்றில் திரும்பிக் கிடந்தது. மாதம் முடியும் முன்னே வலி வந்து, ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட, மாட்டு வண்டியில் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் குறுக்கிடும் வைப்பாற்று மணலில் மாடுகள் படுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது வயிற்றில் அசைவு நின்று வெகு நேரமாகியிருந்தது. டாக்டரம்மா என்னை மட்டும் காப்பாற்றினாள். "அடுத்ததும் இப்படியே திரும்பிக் கிடந்தாலும் உயிரோடு எடுக்கலாம். ஆனா நேரத்துக்கு வந்து சேரணும்" என்று இவரிடம் சொன்னாளாம்.

என் மனசில் கிடந்து அறுத்தது வேறு. அன்றைக்கு வண்டிப் பாதை முழுக்க இடது கைப்பக்கம் கடல் தெரிந்துகொண்டே வந்தது. மார்கழி மாதம், வாடைக் காற்று. பாயை விரித்தால் வள்ளம் தானாகத் தெற்கே போயிருக்கும். எங்கள் வள்ளங்கள் கரையில் சும்மாதான் கிடந்தன. ஆனால் பேறுகாலத்துக்காரியை வள்ளத்தில் ஏற்றுகிற வழக்கம் எங்கள் கடற்கரையில் கிடையாது. ஏற்றினால் அந்த வள்ளத்துக்கு மீன் படாது, பிறகு எந்த ஆளும் அதில் கால் வைக்கமாட்டான் என்பார்கள். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை, இவர் உட்பட. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் இவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வலை பார்க்கப் போனார். அந்த மனுஷனை அதற்குப் பிறகு எனக்குப் பிடிக்காமலே போயிற்று. சோறு போட்டேன், பேசினேன், அடுத்த பிள்ளையும் உண்டானேன், ஆனால் பிடிக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் என்னைக் காட்டவும், ஜீப்பைப் பார்க்கவும் ஒரே பயணமாகத் தூத்துக்குடிக்குப் போனோம். கூட இவருடைய அண்ணன் வந்தார். எனக்கு மூத்தார் முறை. மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுவது எங்களில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதைப் புருஷனிடம் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னால் அவர் காதில் விழுந்துவிடும். என் சத்தத்துக்குப் பக்கத்துத் தெருவிலும் விழும் என்பார் மாமியார்.

மூத்தார் பழைய வள்ளம் பார்ப்பதில் பேர்போனவர். கடற்கரையில் யார் பழைய வள்ளம் வாங்கினாலும் முதலில் அவரைக் கூட்டிப்போவார்கள். பலகையைக் கையால் தட்டி, காதை வைத்துச் சத்தம் கேட்பார். மூட்டு வாயில் கத்தி நுனியைக் குத்திப் பார்ப்பார். கடைசியில்தான் பெரிய சோதனை. வள்ளத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, இடுப்பளவு தண்ணீரில் ஓர் இரவு நிறுத்திவைப்பார். விடிந்ததும் உள்ளே எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் வாங்கச் சொன்ன வள்ளம் யாரையும் கடலில் கைவிட்டதில்லை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

கிட்டங்கி முற்றத்தில் இரண்டு ஜீப்புகள் நின்றன. ஒன்றில் பச்சைச் சாயம் வெளுத்து, முன்பக்கத் தகடு நசுங்கியிருந்தது. மற்றதற்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் வியாபாரி. "அந்த நசுங்குனது பர்மா வரைக்கும் போய்ட்டு வந்தது. இது அவ்வளவா ஓடல. ஆபீசர் வண்டி."

"எல்லாரும் ஆபீசர் வண்டின்னுதான்வே சொல்லுவான்" என்ற மூத்தார், துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

நான் ஒரு உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகடுகளைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மல்லாக்கப் படுத்து அடியில் நுழைந்து, கத்தியால் இரும்பைக் குத்தினார். இவரும் கூடவே நுழைந்தார். இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிறகு வியாபாரியின் டிரைவர் இரண்டு வண்டிகளையும் கடற்கரைச் சாலையில் ஓட்டிக் காட்டினான். பர்மா வண்டி பின்பக்கத்திலிருந்து ஊளையிட்டுக்கொண்டே போய், ஊளையிட்டுக்கொண்டே வந்தது. ஆபீசர் வண்டி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

"முனங்குத வள்ளத்துல மூட்டு விட்டிருக்குன்னு அர்த்தம்" என்றார் மூத்தார். இவர் தலையாட்டினார்.

அதோடு விட்டார்களா? இரண்டு ஜீப்பிலும் உப்பு மூட்டைகளை ஏற்றச் சொன்னார். அடியில் வள்ளத்துக்குக் கட்டும் வெள்ளைப் பாய்த்துணியை விரிக்கச் சொன்னார். விடியட்டும், பார்க்கலாம் என்றார். வியாபாரி முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். பைத்தியக்காரர்கள் என்று நினைக்கிறார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் துணியை உருவினார்கள். பர்மா வண்டியின் அடியில் முன்னால் ஒரு கறுப்பு வட்டம், நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. ஆபீசர் வண்டியின் அடியில் இருந்த துணி வெள்ளையாகவே இருந்தது. மூத்தார் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரே வார்த்தை சொன்னார். "இதுதான்."

அந்த நேரம் பார்த்துக் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் உள்ளே வந்தார். அவரும் ஜீப் வாங்க வந்தவர். கறை படிந்த துணியைப் பார்த்தார், சுத்தமான துணியைப் பார்த்தார். "அப்ப இந்த ஒழுகுத வண்டிய நான் எடுத்துக்கிடுதேன்" என்றார்.

"ஒழுகுதது தெரிஞ்சுமா?" என்று கேட்டார் இவர்.

"என் வீட்டுல ஒரு பழைய காரு இருக்கு தம்பி. நிக்கிற எடமெல்லாம் கறுப்பாக்கும். வாகனம்னா அப்படித்தான் இருக்கும். ஒழுகலேன்னாதான் எனக்குப் பயம்."

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மூத்தார் சொன்னார், "சரக்கு அனுப்புத ஆளு, தண்ணி எறச்ச ஆளு இல்ல. ஒழுக்குன்னா என்னன்னு அவருக்கு என்ன தெரியும்?" எங்கள் ஆட்கள் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நாள் முழுக்க ஒரு கையில் துடுப்பும் மறு கையில் தகரமுமாக வள்ளத்துத் தண்ணீரை இறைத்தவனிடம் போய், ஒழுகுவது நல்லது என்றால் கேட்பானா? நானும் அன்றைக்கு மூத்தார் பக்கம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். படுக்க முடியுமா, காலை நீட்ட முடியுமா, குலுக்கல் எப்படி என்று எனக்குத்தானே தெரிய வேண்டும்? மூத்தார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "பங்குச் சாமியார் மந்திரிக்காம, மொத ஓட்டம் ஓடாம, இப்ப எப்படி ஏறுதது" என்று முற்றத்திடம் சொன்னார்.

நான் இவரிடம் சத்தமாகச் சொன்னேன். "எனக்கு வாங்குத வண்டியில உப்பு மூட்ட ஏறலாம், நான் ஏறக் கூடாதா?"

"சும்மா இருளா" என்றார் இவர், மெதுவாக. நான் சும்மா இருக்கவில்லை. நாளுக்கு ஒரு தடவை மட்டும் வரும் பஸ்ஸில் வேம்பார் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.

ஜீப் வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். வியாபாரியின் டிரைவர் சில நாள் தங்கி இவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். மீன் ஏற்றவே இல்லை. பெட்ரோல் ரேஷன் என்று ஊராருக்குக் காரணம் சொன்னார். கோயில் வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்து, ஓலைக் கொட்டகையில் நிறுத்திவிடுவார். தினமும் காலையில் எழுந்ததும் அடியில் படுத்துப் பார்ப்பார். உடம்பெல்லாம் மணலோடு வந்து குசினி வாசலில் நின்று, "சொட்டு இல்லளா" என்பார். ஒரு நாள் தவறியதில்லை. எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ளமாட்டேன். மாதம் நெருங்கியதும் தூத்துக்குடியில் சொந்தக்காரர் வீட்டில் என்னைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே வலி வந்தால் ஜீப்.

முன்பேதான் வந்தது. மறுபடியும் மார்கழி, காலை நேரம். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என் மாமியார் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இதுவும் திரும்பிக் கிடந்தது.

ஜீப்பின் பின்பக்கத்தில் மெத்தையைப் போட்டு, வண்டியோடு வந்த அந்தப் பாய்த்துணியை மேலே விரித்து என்னை ஏற்றினார்கள். காலை நீட்ட இடமில்லை. மாமியார் மடியில் தலையும், சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் முழங்காலுமாகக் கிடந்தேன். மாமியார் செபமாலையை எடுத்துக்கொண்டார். மூத்தார் முன்னால், இவர் ஓட்டினார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. சத்தமில்லை. மாடு போன இடங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போனபோது, இந்த முறை பிழைத்துவிடும் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

வைப்பாற்று மணலில் இறங்கியதும் வண்டி திணறியது. இவர் கியரை மாற்றி அழுத்தினார். அதுவரை வாயைத் திறக்காத வண்டி, அப்போது வாயைத் திறந்தது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். கருகிய நாற்றம். ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் கிளப்பினார். இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை.

மூத்தார் ஸ்பானரோடு அடியில் நுழைந்தார். கியர்ப் பெட்டியின் அடைப்பைத் திறந்தார் போலிருக்கிறது. எண்ணெய் கொட்டவில்லை. ஈரப் புட்டு மாதிரி ஏதோ கறுப்பாக உதிர்ந்து விழுந்தது. இவர் அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். எங்கள் ஆட்களுக்கு மரத்தின் வாசனை தெரியாமல் இருக்காது.

"மரத்தூளு" என்றார்.

தேய்ந்துபோன பல்சக்கரங்கள் ஊளையிடாமல் இருக்க, வியாபாரி பெட்டி நிறைய மரத்தூளைத் திணித்து அடைத்திருக்கிறார். அது இருந்த கொஞ்ச எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டுவிட்டது. அதனால்தான் துணி வெள்ளையாக இருந்தது. நாங்கள் போய், ஒழுகாத வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறோம்.

இவர் அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தார். பிறகு அழுதார். சின்னப் பிள்ளைகள் போலச் சத்தம் போட்டு அழுதார். தன் நெஞ்சில் தானே அடித்துக்கொண்டார். எனக்கு முதலில் என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. இவர் அழுது நான் பார்த்ததில்லை. முதல் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அழுகிறார் என்று சற்றுப் பொறுத்துப் புரிந்தது. அவர் மேல் அத்தனை நாள் இருந்த வெறுப்பு அங்கேயே போய்விட்டது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருக்க அது நேரமில்லை.

"அழுதது போதும்" என்றேன். "கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும்லா?"

மாமியாரின் செபம் நின்றது. மூத்தார் தரையைப் பார்த்தார். வாடைக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை நான் மூத்தாரையே நேராகப் பார்த்துச் சொன்னேன். "போன தடவ நீங்க யாரும் கேக்கல. நானும் கேக்கல. இப்பக் கேக்கேன். என்னைய வள்ளத்துல ஏத்துங்க."

இவர் எழுந்து பாய்த்துணியின் தலைமாட்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தார். மூத்தார் கால்மாட்டைப் பிடித்தார். துணியோடு என்னைத் தூக்கிக்கொண்டு கீழவைப்பார் கடற்கரைக்கு நடந்தார்கள். மாமியார் பின்னாலேயே வந்தார்.

கரையில் ஒருவர் அப்போதுதான் தன் வள்ளத்திலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, வள்ளத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"நான் இரக்கமில்லாதவன் இல்ல" என்றார். "ஆனா பேறுகாலத்துக்காரிய ஏத்துன வள்ளத்துல நாளைக்கி எவன் வே வருவான்? எனக்கு இது ஒண்ணுதான் பொழப்பு."

"ஒம்ம வள்ளத்துல ஏத்தச் சொல்லல" என்றார் இவர். "எனக்கு வித்துரும். என் வள்ளத்துல நான் யார ஏத்துனா ஒமக்கு என்ன?"

"வெலைக்கா?"

"அந்தா மணல்ல ஒரு ஜீப்பு நிக்குதுல்லா. அத எடுத்துக்கிடும். இத எனக்குத் தாரும்."

அந்த ஆள் ஆற்றுப் பக்கம் பார்த்தார். "அது ஓடுமா?"

"ஓடாது. உள்ள பூராவும் மரத்தூளு" என்றார் இவர்.

எனக்கு வயிற்று வலியிலும் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆள் இவரையும் துணியில் கிடந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழியை விட்டு விலகி, துடுப்பை எடுத்து மூத்தார் கையில் கொடுத்தார்.

"என் வள்ளமும் ஒழுகும்" என்றார்.

ஒழுகத்தான் செய்தது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் என் முதுகுக்கடியில் தண்ணீர் சில்லென்று ஏறியது. மாமியார் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார், மூத்தார் சுக்கான் பிடித்தார். பாயில் காற்று நிறைந்து வள்ளம் தெற்கே ஓடியது. இவர் என் கால்மாட்டில் குந்தியிருந்து தகரத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார். இறைக்க இறைக்க ஏறியது, ஏற ஏற இறைத்தார். முகத்தைத் துடைக்க லேஞ்சியை எடுக்கக்கூட அவருக்குக் கை ஒழியவில்லை. வலி வரும்போது அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜீப்பை எடுத்துக்கொண்ட ஆள் அதற்கு வேறு பல்சக்கரங்கள் போட்டு, எண்ணெய் ஊற்றி, பல வருஷம் வைப்பாற்றுப் பக்கம் ஓட்டினார். நின்ற இடமெல்லாம் கறுப்பாகச் சொட்டும். வியாபாரியிடம் சண்டைக்குப் போன மூத்தார், கிட்டங்கி பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த வள்ளத்தில் எங்கள் ஊர் ஆள் எவனும் கால் வைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் மட்டுமே அதில் கடலுக்குப் போனார்கள். மற்ற வள்ளங்களுக்குப் பட்ட அளவுக்கு அதற்கும் மீன் பட்டது.

அன்று தூத்துக்குடிக் கரையில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உள்ளே அசைவு இருந்தது. டாக்டரம்மா என் நனைந்த சேலையைப் பார்த்து, என்ன இது என்று கேட்டாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. கால்தான் முதலில் வந்தது. நீலமாகக் கிடந்ததை டாக்டரம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அது அழுதது.

இவரை உள்ளே விட்டார்கள். வேட்டி இடுப்புவரை ஈரம். பிள்ளையைத் தொடப் பயந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவாவது பேச வேண்டும் போலிருந்தது எனக்கு. மனுஷனைச் சீண்டிப் பார்க்கவும் ஆசையாக இருந்தது.

"அந்த வள்ளத்த வாங்குததுக்கு முன்னால அடியப் பாத்தியளா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"பாக்கலளா" என்றார்.